ஆணி வைத்த பம்பரம் வாங்கலாமா? காரைக்குடிப் பக்கம் கிடைக்கும் பழைய விளையாட்டுச் சாமான்கள்: ஒரு மதிப்பீடு

பிள்ளையார்பட்டி கோயில் வாசலிலோ குன்றக்குடி அடிவாரத்திலோ திருவிழாக் கடைகளைச் சுற்றி வந்தால் இந்தக் காட்சி கட்டாயம் கண்ணில் படும். கூடையில் சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டை போட்ட மரப்பம்பரம். அதற்குப் பக்கத்திலேயே பொத்தானை அமுக்கினால் லைட் எரிந்து பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் பம்பரம். அப்பா மரப்பம்பரத்தைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். அம்மா, "ஆணி இருக்குங்க, கண்ணுல கிண்ணுல பட்டுரப் போகுது" என்பார். அப்பத்தா ரெண்டு பக்கமும் பேசுவார். முடிவில் பிளாஸ்டிக் பம்பரம் வீட்டுக்குப் போகும்.

அந்த முடிவு சரியா என்பதுதான் இங்கே கேள்வி. பம்பரம், கிட்டிப்புள், உண்டிவில், ஊஞ்சல் கயிறு, நீச்சல் மிதவை, பழைய பெட்டகம் என்று செட்டிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் சாமான்களை ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்திருக்கிறது இந்த மதிப்பீடு. சாமான் தன் ஆபத்தைப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டுகிறதா, ஒளித்து வைக்கிறதா? காட்டினால் பிள்ளை கற்றுக்கொள்ளும். ஒளித்தால் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் காலத்தில் எல்லாம் ஆடினோம், ஒன்றும் ஆகவில்லை என்ற பேச்சுக்கு இதில் மதிப்பெண் கிடையாது. ஒன்று ஆனவர்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வருவதில்லை.

மரப்பம்பரம்

சாட்டையோடு சேர்த்து 30 முதல் 60 ரூபாய்க்குள் கிடைக்கும். இந்தப் பட்டியலில் முதலில் வாங்க வேண்டிய சாமான் இதுதான். ஆனால் கடையில் கொடுக்கிற நிலையிலேயே யாரும் நன்றாக ஆட முடியாது. பத்தில் ஏழெட்டைக் கொஞ்சம் கைவேலை பார்த்தால்தான் 'தூங்கும்', அதாவது ஆடாமல் ஒரே இடத்தில் நின்று சுற்றும்.

முதலில் மரம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும். கருவேலம், பூவரசு, கொய்யா மூன்றும் நல்லவை. தைல மரத்தில் கடைந்தது மலிவாக வரும், காய்ந்ததும் ஆணி இறங்கிய இடத்திலிருந்து கீறல் விடும். கடைக்காரரிடம் என்ன மரம் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம், எல்லாம் கருவேலம் என்றுதான் சொல்வார். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் பஞ்சு மரம், கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது நடு. கடையில் கண்ணாடி மேசை இருந்தால் அதன்மேல் படுக்கப் போட்டு உருட்டுங்கள். ஆணியின் நுனி ஒரே உயரத்தில் நிற்காமல் மேலும் கீழும் போனால் ஆணி நடுவில் இறங்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பம்பரம் சுற்றும்போது கையை உதறுவதுபோல் உதறும், நான்கைந்து வினாடியில் சாயும். லேசான கோணல் என்றால் கடைசல் பட்டறையில் ஆணியைப் பிடுங்கி மறுபடி இறக்கித் தருவார்கள். துளை போடாமல் ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் மரம் பிளக்கும். ஆணியை விடச் சற்றுச் சிறிய துளை முதலில் போட்டாக வேண்டும்.

ஆணி வெளியே தெரிய வேண்டிய நீளம் 1 செ.மீ. சுமாருக்கு. அதற்கு மேல் நீண்டால் பம்பரத்தின் கனம் தரையிலிருந்து உயர்ந்து, தள்ளாடும். அதற்குக் குறைந்தால் கொஞ்சம் சாய்ந்ததுமே மரம் தரையில் உரசி நிற்கும். கூர்மை பற்றித்தான் பெற்றோருக்குப் பயம் அதிகம், அதில்தான் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: நன்றாகச் சுற்றுவதற்குக் கூர்மை தேவையே இல்லை. நுனியைக் கருங்கல்லிலோ அரத்திலோ தேய்த்து மிளகுபோல் உருட்டிவிட்டால், சாய்ந்து விழுந்த பம்பரம்கூடத் தரையின் உராய்வால் தானாகவே நிமிரும். கூரான ஆணியில் இது நடக்காது, அது விழுந்த இடத்திலேயே மண்ணைக் குடைந்துகொண்டு நிற்கும். கூர் வேண்டியது ஆக்கர் குத்துவதற்கு, அதாவது வட்டத்துக்குள் கிடக்கும் அடுத்தவன் பம்பரத்தை ஆணியால் குத்தும் ஆட்டத்துக்கு, மட்டும். அடுத்தவன் பம்பரத்தைப் பிளக்கும் ஆசை இல்லாதவரை மொட்டை ஆணி போதும். கடைசல்காரரிடம், "ஆணி நுனியைக் கொஞ்சம் உருட்டிக் குடுங்கண்ணே" என்றால் ஒரு நிமிட வேலை.

சாட்டையில்தான் கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள். பம்பரத்தோடு வரும் நைலான் கயிறு மரத்தில் பிடிக்காமல் வழுக்கும், பம்பரம் சுற்றாமல் கல்போலப் போய் விழும். 3 மி.மீ. பருமன் பருத்திக் கயிறு, ஒன்றேகால் மீட்டர் நீளம் தனியாக வாங்குங்கள். தண்ணீரில் நனைத்து, இழுத்துக் கட்டிக் காயவைத்தால் முறுக்கு அடங்கும். ஒரு நுனியில் சின்ன முடிச்சு. ஆணியில் தொடங்கி, ஒரு சுற்றின்மேல் அடுத்தது ஏறாமல், ஒட்டி ஒட்டிப் பம்பரத்தின் பருத்த வயிறு வரை சுற்ற வேண்டும். மறுநுனியை விரலில் சுருக்குப் போட்டுக் கட்டவே கூடாது. சோடா மூடியில் துளை போட்டுக் கயிற்றைக் கோத்து முடிந்து, அந்த மூடியை மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிடிப்பதுதான் பழைய முறை. கயிறு சிக்கினால் விரலை அறுக்காமல் மூடி நழுவிப் போகும். சோடா மூடியை அந்தக் காலத்துப் பையன்கள் அழகுக்குப் போட்டதாக நினைக்க வேண்டாம்.

பம்பரத்தில் உண்மையான விபத்து எங்கே நடக்கிறது? ஆணி குத்துவதைவிட அதிகம் நடப்பது, பம்பரம் சாட்டையிலேயே மாட்டிக்கொண்டு எறிந்தவன் முகத்துக்கே திரும்பி வருவதுதான். முடிச்சு பெரிதாக இருப்பதும், சுற்று ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதும்தான் காரணம். இரண்டாவது, ஆக்கர் ஆட்டத்தில் வட்டத்தைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள். அவர்கள் கண் சரியாகச் சில்லு தெறிக்கும் உயரத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டே விதி போதும்: சுற்றைச் சரிபார்க்காமல் எறியக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்கள் நின்றுகொண்டு, ஆறடி தள்ளித்தான் பார்க்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும். ஆணி கண்ணெதிரே இருக்கிறது, அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

எங்கே ஆடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செட்டிநாட்டு வீடுகளில் இதனால் வேறு சண்டை வருகிறது. வளவில், அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய கூடமும் உள்ள பகுதியில், ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் அங்கே ஆணிப் பம்பரம் வேண்டவே வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்து இறுக வைக்கும் கல் அது. ஆணி விழுந்தால் பூவின் இதழ் பெயரும், அதை ஒட்டுவதற்கு வழி கிடையாது. வீட்டுக்குள் ஆட வேண்டுமானால் மர நுனி வைத்த சன்னபட்டணா வகைப் பம்பரம் வாங்குங்கள். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றியது, விரலால் சுழற்றுவது, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் கொடுக்கலாம். வெளியே என்றால் இறுகிய செம்மண் தரை முதல் தரம். சரளை மண்ணில் ஆணி தட்டி எகிறும். தார் ரோட்டில் ஆணி ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும், வண்டியும் வரும்.

வண்ணம் குறித்து: அரக்குப் பூச்சு மழமழவென்று மரத்தோடு ஒட்டியிருக்கும். எனாமல் பெயிண்ட் என்றால் நகத்தால் சுரண்டினால் செதிலாக வரும். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. திருவிழாக் கடைப் பம்பரத்தில் எந்த டப்பா பெயிண்ட் பூசினார்கள் என்பதற்கு யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. செதில் உதிரும் பம்பரத்தைத் தவிர்த்து, வண்ணமே இல்லாத வெறும் மரமாகக் கேட்டு வாங்குவது நல்லது. விலையும் குறையும்.

லைட் எரியும் பம்பரம்

பாதுகாப்பானது என்று நினைத்து வாங்கப்படுகிற இதற்குத்தான் இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த மதிப்பெண். அடியில் பொத்தான் பேட்டரி இருக்கிறது. அதன் மூடி திருகாணி போட்டு முடுக்கியதா, நகத்தால் நெம்பினால் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் காசு கொடுக்காதீர்கள். பிள்ளை பொத்தான் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஆழமான புண்ணாக்கிவிடும். ஆரம்பத்தில் சளி, எச்சில் ஒழுகல், சாப்பிட மறுப்பது என்று சாதாரணமாகத்தான் தெரியும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே கைவினைக் கடை மரப்பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கலாம், பேட்டரி போட்ட பிளாஸ்டிக் பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கக் கூடாது. கோயில் வாசலில் விற்பவற்றில் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

ஆணியையும் பேட்டரியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூடையில் எது பயப்பட வேண்டிய சாமான் என்பதில் அந்த அம்மாவின் கணக்கு மாறலாம்.

கிட்டிப்புள்

சில ஊர்களில் செல்லாங்குச்சி, சில ஊர்களில் கில்லி. கடையில் செட்டாக 80 முதல் 150 ரூபாய். வாங்கத் தேவையில்லை, ஒரு வேப்பங்கொம்பும் அரிவாளும் இருந்தால் பத்து நிமிடம். வாங்கினாலும் கடைசல் செட்டில் வரும் சின்னக் குச்சியை (புள்) தூக்கிப் போட்டுவிட்டு வேறு செதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். காரணம், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று இரண்டு நுனியையும் பென்சில்போலச் சீவி விற்கிறார்கள்.

சரியான அளவு இது. கிட்டி 45 முதல் 60 செ.மீ., கட்டைவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூட. புள் 8 முதல் 10 செ.மீ. நுனியிலிருந்து 2 செ.மீ. மட்டும் சரிவாகச் சீவ வேண்டும், முனையில் அரை செ.மீ. மொட்டையாக விட வேண்டும். சரிவு நீண்டால் புள் எழும்பாமல் உருளும், சரிவு குறைந்தால் நேரே மேலே எழும்பி அடிப்பவன் தாடையைத் தேடும். பச்சைக் கொம்பில் செதுக்கி இரண்டு நாள் நிழலில் காயவிட்டால் சிலும்பு தெறிக்காது.

இதற்கு மதிப்பெண் குறைவு என்பதைப் மனமில்லாமல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிப்பவனுக்கு ஆபத்து தெரிகிறது, ஆனால் காயம் படுவது அவனுக்கு இல்லை. புள் எந்தத் திசையில் போகும் என்று அடித்தவனுக்கே தெரியாது. இந்தியக் கண் மருத்துவ இதழ்களில் பிள்ளைகளின் கண் காயங்களுக்கு அம்புவில்லோடு சேர்த்துத் திரும்பத் திரும்பப் பேசப்படும் விளையாட்டு இது. தெருவில் கூடாது, வளவில் கூடவே கூடாது. கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாய் உள்வாயில் (தண்ணீர் நிற்கும் உட்பகுதியில்), பிடிப்பவர்கள் முப்பதடிக்கு அப்பால் நின்று, வெறுங்காலில் இல்லாமல் ஆடலாம். ஷட்டில் ஆடுகிறவர்கள் போடும் பாலிகார்பனேட் கண்ணாடி 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிட்டிப்புள்ளுக்குக் கண்ணாடியா என்று ஊர் சிரிக்கும். கிரிக்கெட்டுக்கு ஹெல்மெட் வந்தபோதும் சிரித்தார்கள்.

கண்ணில் அடி பட்டால் செய்யக் கூடாதவை: தேய்ப்பது, அழுத்திக் கட்டுவது, எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது, குத்தியிருப்பதைப் பிடுங்குவது. காகிதக் கப் ஒன்றைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டி, உடனே கண் ஆஸ்பத்திரி.

கோலிக்குண்டு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் வாங்காதீர்கள், இல்லாவிட்டால் தாராளமாக வாங்குங்கள்.

உண்டிவில்

கவட்டை என்றும் சொல்வார்கள். இரண்டு வகை கிடைக்கிறது. மரக்கவட்டையில் டியூப் ரப்பர் கட்டியது சுமார் 50 ரூபாய். இணையத்தில் இரும்புப் பிடியும் மஞ்சள் ரப்பர்க் குழாயும் வைத்து, எஃகுக் குண்டோடு வருவது அதைவிடப் பல மடங்கு. இரண்டாவதை விளையாட்டுச் சாமான் என்று சொல்வதே பிழை. எஃகுக் குண்டு தகரத்தைத் துளைக்கும். பிள்ளைக்கு வாங்க வேண்டாம்.

மரக்கவட்டையில் பார்க்க வேண்டியது கவட்டையை இல்லை, ரப்பரை. இப்போதைய கறுப்புச் சைக்கிள் டியூப்களில் பல பியூட்டைல் ரப்பர். காற்றுப் பிடிக்க நல்லது, சுண்டி இழுக்க மந்தம். இயற்கை ரப்பர்தான் விசையாகத் திரும்பும், ஆனால் அது வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். ரப்பரை இரண்டு மடங்கு இழுத்து, கட்டுப் போட்ட இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் இன்றைக்கோ நாளைக்கோ அறும். அறுவது எப்போதும் முழு இழுப்பில், அறுந்த துண்டு திரும்பி வருவது எப்போதும் இழுத்தவன் கண்ணை நோக்கி. இதுதான் உண்டிவில்லின் ஒளிந்திருக்கும் ஆபத்து. கல் படுவது எல்லாருக்கும் தெரியும், ரப்பர் அறுவது தெரியாது. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை ரப்பரை மாற்றுங்கள். கம்பியால் கட்டியிருந்தால் பிரித்துவிட்டு மெல்லிய ரப்பர்ப் பட்டையாலேயே கட்டுங்கள், கம்பி ரப்பரை அறுக்கும். கன்னத்தருகே இழுத்துக் குறி பார்க்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே மாற்றி, நெஞ்சுக்கு நேராக இழுக்கப் பழக்குங்கள்.

குண்டுக்குக் கூழாங்கல் வேண்டாம், விதைப்பந்து செய்யலாம். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் சரளை அதிகம், உருண்டை பிடித்தால் உதிரும். கண்மாய்க் களிமண் மூன்று பங்கு, சலித்த மட்கிய எரு ஒரு பங்கு, பிசைந்து கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, நடுவில் ஒரு வேப்பங்கொட்டையோ புளியங்கொட்டையோ வைத்து இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்தால் போதும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். வேப்பங்கொட்டை பழுத்து விழுந்த சில வாரங்களுக்குள் போட்டால்தான் முளைக்கும், போன வருடத்தது வீண்.

பறவையைக் குறி வைப்பது 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் காலத்து உண்டிவில் நினைவுகளை எழுதுகிறவர்கள் ஓணானையும் அணிலையும் மைனாவையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். இதே மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், கூடு கட்டியிருக்கும் பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடியே போடாமல் இருக்கிறார்கள். அந்த ஊர்ப் பக்கம் உண்டிவில்லோடு போனால் போலீஸ் வர வேண்டியதில்லை.

நுங்கு வண்டி

விலை: நுங்கு தின்ற காசு. சித்திரை, வைகாசியில் மட்டும். கட்டைவிரலால் தோண்டித் தின்ற பிறகு கோம்பை உடையாமல் இருக்கும் இரண்டு நுங்கு, ஒரே அளவாக. ஒரு முழக் குச்சியை அச்சாக இரண்டிலும் நடுவில் செருக வேண்டும். நடு தப்பினால் வண்டி நொண்டும். நெஞ்சுயரக் கம்பு ஒன்று, அடியில் கவை இருப்பதாகப் பார்த்து, கவையை அச்சில் வைத்துத் தள்ள வேண்டியதுதான். மூன்று நான்கு நாளில் காய்ந்து சுருங்கி அச்சு கழலும். அதைச் சரிசெய்ய முயலாமல் மறுபடி நுங்கு தின்பதே மரபு. அரிவாள் வேலையைப் பெரியவர்கள் செய்தால் இதில் வேறு ஆபத்தே இல்லை. முழு மதிப்பெண்.

சைக்கிள் டயர் ஓட்டுவதும் இதே வகைதான், ஆனால் டயர் மாறாமல் தெரு மாறிவிட்டது. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள் இருக்கும் ஊர்களில் தெரு அகலமாகவும் நேராகவும் இருக்கும். அந்த அகலத்தில் இப்போது இருசக்கர வண்டிகள் வேகமெடுக்கின்றன. கானாடுகாத்தான், பள்ளத்தூர் உள்தெருக்களில் மதியத்தில் ஓட்டலாம். காரைக்குடி நூறடி ரோட்டில் டயர் ஓட்டவிடாத பெற்றோரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

ஊஞ்சல் கயிறு

கடையில் பளபளப்பாக இருக்கும் நீல நைலான் கயிற்றைத்தான் முதலில் காட்டுவார்கள். அந்த நீலக் கயிறு பெரும்பாலும் நைலானே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக். வெயிலில் ஒரு கோடை கிடந்தால் மேல் இழைகள் பொடியாகும், கையால் உருவினால் மாவுபோல் ஒட்டும். அப்படி ஒட்டினால் மாற்றிவிட வேண்டும். கயிறு கிளையில் உரசும் இடத்தில் பழைய சாக்கோ டயர்த் துண்டோ சுற்றுங்கள், அறுவது அங்கேதான். 16 மி.மீ.க்குக் குறைந்த பருமன் வேண்டாம், பிள்ளை கையில் பிடிக்கவும் சௌகரியம்.

மரம்: புளி, வேம்பு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் குறைந்தது ஒரு ஜாண் குறுக்களவு. முருங்கையிலும் பப்பாளியிலும் ஏறக்கூட விடக் கூடாது, முருங்கை எச்சரிக்கை இல்லாமல் முறியும்.

இந்தப் பகுதியில் முக்கியமானது கயிற்றைவிடத் தரை. செம்பராங்கல் தரை கோடையில் சிமெண்டுக்குத் தம்பி. விழுந்தால் கை முறியும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விளையாட்டுத்திடல் கையேடு, நான்கடி உயரத்திலிருந்து விழும் இடத்துக்கு 9 அங்குல மணல் கேட்கிறது. ஊஞ்சலுக்கு அடியில் மட்டும் கொட்டினால் போதாது, முன்னும் பின்னும் ஆடும் தூரம் முழுக்க வேண்டும், ஏனென்றால் பிள்ளை விழுவது நடுவில் இல்லை, உச்சியில். மழை பெய்து இறுகினால் மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். வீட்டுக்குள் பித்தளைச் சங்கிலியில் தொங்கும் பலகை ஊஞ்சலுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை. உத்தரத்துக் கொக்கியும் வளையமும் உரசும் இடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வருடம் ஒருமுறை ஏணி போட்டுப் பாருங்கள், பலகை முனை வந்து போகும் வழியில் நிற்கும் சின்னக் குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள்.

நீச்சல் மிதவை

இங்கேதான் பழைய நினைவுகளோடு கடுமையாக மோத வேண்டியிருக்கிறது. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விட மாட்டார்கள் என்பதால் பிள்ளைகள் நீந்தப் பழகியது கிணற்றிலும் கண்மாயிலும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டித் தள்ளிவிடுவார்கள், இப்போது அந்த இடத்தில் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன். கேன் நல்ல மிதவைதான், மூடி இறுக்கமாக இருந்து, கட்டு இடுப்பில் இல்லாமல் இரண்டு தோளுக்கும் அக்குளுக்கும் அடியில் குறுக்காக வந்தால். இடுப்பில் கட்டினால் பின்புறம் மேலே வரும், முகம் தண்ணீருக்குள் போகும்.

கடைகளில் 100, 150 ரூபாய்க்கு விற்கும் காற்றடைத்த கைப்பட்டைகள் கேனைவிட மோசம். ஈரக் கையில் நழுவும், ஒரு முள் போதும், அதைவிட முக்கியமாக, பிள்ளை தண்ணீரில் நின்றவாக்கில் மிதக்கப் பழகிவிடும். நீச்சலுக்கு உடம்பு படுக்க வேண்டும். பட்டையைக் கழற்றிய அன்று அது நின்றவாக்கிலேயே மூழ்கும். பட்டை போட்டிருக்கிறது என்ற தைரியத்தில் பெரியவர்கள் போனை எடுப்பது தனிக் கதை.

கண்மாய் முன்பு இருந்த கண்மாய் இல்லை. உள்வாய் கரையிலிருந்து படிப்படியாக ஆழமாகும், பிள்ளை ஒவ்வொரு அடியாக ஆழத்தை அறிந்தது. இப்போது ஜேசிபி மண் அள்ளிய குழி முழங்கால் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இரண்டாள் ஆழத்துக்கு இறங்குகிறது, கலங்கல் தண்ணீரில் மேலிருந்து எதுவும் தெரியாது. முப்பது வருடத்துக்கு முன் அதே கண்மாயில் நீந்தியவருக்கும் தெரியாது. கோடையில் வற்றியிருக்கும்போது ஒருமுறை உள்வாயை நடந்து பார்த்து, குழி எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்ளாமல், மழைக்குப் பிறகு பிள்ளையை இறக்கக் கூடாது. பயந்த பெற்றோர் என்று பெயர் எடுக்கத் தகுந்த ஓரிடம் இதுதான். நீச்சல் கற்றுக்கொடுக்காமல் விடுவது இதற்குத் தீர்வில்லை. படி இறங்கும் கிணறோ, கட்டணக் குளமோ, கைக்கெட்டும் தூரத்தில் நீந்தத் தெரிந்த ஒரு பெரியவரோடு.

பெட்டகம்

விளையாட்டுச் சாமான் பட்டியலில் இது ஏன்? நார்வே ஆய்வாளர் எல்லென் சான்சேட்டர் 2007-ல் பிள்ளைகளின் துணிச்சல் விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், ஆபத்தான கருவிகள், தண்ணீர் நெருப்பு போன்றவை, முரட்டுக் கட்டிப்புரளல், பெரியவர் கண்ணில் படாமல் மறைந்துபோவது. கடைசி வகைக்குச் செட்டிநாட்டு வீட்டைப்போல வாய்ப்பான இடம் கிடையாது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, மேல்மாடி என்று ஒளிந்து பிடித்து விளையாட ஒரு தெரு நீளம். பிள்ளை ஒளிந்துகொள்ளத் தேடுவது இருட்டான, மூடியுள்ள, யாருக்கும் தோன்றாத இடம். பெட்டகத்தைவிட வேறென்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குப் பெட்டகங்களும் இரும்புப் பெட்டிகளும் வாங்கி, வரவேற்பறையில் வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மரவேலையும் பித்தளைக் குமிழும் பார்த்து வாங்குகிறார்கள். பார்க்க வேண்டியது மூடி. தேக்கு மூடியின் கனம் பிள்ளையின் கழுத்தையோ விரலையோ நசுக்கும். மூடியதும் தானே விழுந்து மாட்டும் தாழ் இருந்தால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. சத்தமும் வெளியே வராது, நல்ல பெட்டகம் என்றாலே இறுக்கமாக மூடுவதுதானே.

வாங்கிய அன்றே மூன்று வேலை. தாழின் நாக்கைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் விற்கும்போது வேண்டும். பின்பலகையில், சுவரோடு ஒட்டிவிடாதபடி, கட்டைவிரல் நுழையும் அளவில் மூன்று நான்கு துளைகள்; பழம்பொருளின் மதிப்பு போய்விடுமே என்று மனம் கேட்காவிட்டால், மூடி முழுதாக மூடாதபடி விளிம்பில் இரண்டு ரப்பர்க் கட்டைகள் ஒட்டுங்கள். மூடியை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வைக்கும் தாங்கி ஒரு ஜோடி போடுங்கள், ஆசாரி அரை நாளில் மாட்டித் தருவார். இரும்புப் பெட்டியில் துளை போடுவது எளிதில்லை. அதை நிரந்தரமாகப் பூட்டி, சாவியைப் பிள்ளை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆணியைப் பார்த்துப் பயந்து பிளாஸ்டிக் பம்பரம் வாங்கிய வீடுகளில் இந்தப் பெட்டகம் திறந்தே கிடக்கும், மேலே பூச்சாடி வைத்து.

பம்பரம் வாங்கப் போகும் முன் ஒரு வேலை. பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஆணிக் காயத்தால் டெட்டனஸ் வராமல் காக்கும் 5-6 வயது டிபிடி ஊக்க ஊசியும், 10, 16 வயது டி.டி. (Td) ஊசியும் அரசு அட்டவணையிலேயே இருப்பவை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆணி குத்தினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஆழமான குத்து என்றால் அட்டையோடு டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் பத்து வேண்டாம். சாட்டை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று முதல் வாரத்திலேயே தொலையும்.